பிரின் நின்ற இடம்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை. பால்டிமோர் ஓரத்து டண்டாக்கில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒட்டுவீடுகள்; எனக்கும் கச்மரெக் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஸ்டான் கச்மரெக் அந்தப் பக்கம் தும்மினால் நான் இந்தப் பக்கம் "நூறு" என்பேன். "தேங்க்ஸ், ஹன்" என்று பதில் வரும். (இந்த ஊரில் ஆண், பெண் எல்லோரும் 'ஹன்'தான்; நம் 'கண்ணு' மாதிரி.) இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அந்த மனிதர் நூறு என்றால் என்ன என்று கேட்டதில்லை.

இந்த வருஷம் ஜனவரி மாதம் அந்தச் சுவரிலிருந்து விசில் சத்தம் வர ஆரம்பித்தது. காலையில் சமையலறைப் பக்கம். அப்புறம் மாடிப்படியில். ஞாயிற்றுக்கிழமை குளியலறை வாசலில். நாய் வாங்கியிருக்கிறார்கள் போல, பழக்குகிறார்கள் என்று நினைத்தேன். நான்காம் நாள் பொறுக்க முடியாமல் போய்க் கதவைத் தட்டினேன். ஸ்டான் திறந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதர், கழுத்தில் விசில். அவருக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால், கையில் தட்டோடு அவர் மகள் பிரின் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். குழாய் திறந்தபடி ஓடுகிறது.

"பாத்தீங்களா ஹன்? மறுபடியும் நின்னுட்டா!"

"அப்பா, தண்ணி வழியுது. நான் நகரலாமா?"

"அதத்தான் நானும் சொல்றேன்! என்னைக் கேக்காத. நகரு!"

அன்றைக்கே இதைக் கதையாக்க வேண்டும் என்று பேராசை வந்துவிட்டது. அண்டை வீட்டுக்காரர்களின் கஷ்டத்தைப் பார்த்ததும் பேனா தேடுகிற புத்தி நல்ல புத்தி இல்லை. தெரிந்துதான் தேடினேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பால்டிமோர் நகரின் கிழக்கே, துறைமுகக் கிரேன்களின் நிழலில் பிறந்த ஒரு பெண்—"

வேண்டாம். சுற்றுலாத் துறை விளம்பரம். தவிர, கிரேன் நிழல் எங்கள் தெரு வரைக்கும் விழாது. வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்:

"அவள் ஓடும்போது காற்று—"

காற்று என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. பிரின் வேகமாக ஓடுகிறவளும் இல்லை. "டீம்ல என்னைவிட மெதுவா ஓடறது கோல்கீப்பர்தான், அவளும் ஓட மாட்டா, நிப்பா" என்று அவளே சொல்வாள். விளையாட்டு வீராங்கனை என்றதும் காற்றைக் கூப்பிடுகிற பழக்கத்தை நான் எங்கே பிடித்தேனோ.

மூன்றாவதை விதியிலிருந்து ஆரம்பித்தேன். அதுதான் நின்றது. பெண்கள் லக்ராஸ் இங்கே எல்லோருக்கும் பால்வாடி வயதிலிருந்தே தெரிந்த ஆட்டம். உங்களுக்காக இரண்டு வரி. முனையில் சின்ன வலைப்பை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து, எறிந்து, ஓடி, எதிரணி கோலுக்குள் அடிக்க வேண்டும். இதில் ஒரு விசித்திரமான சட்டம் பல காலம் இருந்தது. நடுவர் விசில் ஊதினால், மைதானத்தில் உள்ள அத்தனை பெண்களும் இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிட வேண்டும். ஒரு எட்டு எடுத்து வைத்தாலும் திட்டு விழும். நாம் சின்ன வயதில் "ஸ்டாச்சு!" என்று கத்தி விளையாடினோமே, அதே. மறு விசிலுக்குத்தான் ஆட்டம் திரும்ப உயிர்பெறும். ஆண்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. பெண்களை நிறுத்தி வைக்க எல்லா ஊரிலும் யாராவது ஒரு சட்டம் போட்டுவிடுகிறார்கள் என்று ஒரு பத்தி எழுதி, கிழித்துப் போட்டேன். ஏனென்றால் பிரினுக்கு அந்தச் சட்டம் உயிர்.

3

(இந்தப் பகுதியில் அவளுடைய புகழைச் சொல்ல வேண்டும். புகழ் எழுதுவது எனக்குக் கை வராது. வேகமாகக் கடந்துவிடுகிறேன்.)

ஐந்து வயதில் ஸ்டான் அவள் கையில் ஸ்டிக் கொடுத்தார். வலையைத் தானே முடைந்து கொடுத்தார். அவள் அம்மா ஃப்ளோரிடாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட வருஷம் அது. அதன்பின் பதினாறு பதினேழு வருஷம் தினமும் பின்வாசலில் நின்று பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்தாள். எந்தச் சுவர் என்று கேளுங்கள். என் சமையலறைச் சுவர். என் ரசப்பொடி டப்பாக்கள் எல்லாம் கீழ்த்தட்டில் இருப்பதற்குக் காரணம் இந்தப் பெண்தான்.

அரசுப் பள்ளியில் படித்தாள். தனியார் பள்ளிப் பெண்களாகவே பொறுக்கி எடுக்கும் ஒரு கல்லூரி, நகரத்துக்கு வடக்கே, இவளையும் எடுத்தது. கல்லூரியின் பெயர் சொல்லமாட்டேன். முதல் வருஷம் பாதி ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வருஷம் முடியும்போது அந்த வட்டாரத்திலேயே அவளைவிட அதிகமாகக் கோல் போட்டவளும் இல்லை, போட வைத்தவளும் இல்லை. அணித் தலைவி ஆனாள். எதிரணிகள் அவளுக்கு மட்டும் இரண்டு பேரைக் காவல் வைத்தன.

வேகம் இல்லாத பெண் எப்படி இதைச் செய்தாள்? விசில் ஊதி எல்லோரும் சிலையாக நிற்கிற அந்தச் சில நொடிகளில் மற்ற பெண்கள் மூச்சு வாங்குவார்கள், நடுவரை முறைப்பார்கள், பல்காப்பைத் துப்பி நெளிவார்கள். பிரின் மட்டும் கீழே பார்ப்பாள்.

"முகத்தப் பாத்தா ஏமாந்துடுவோம் மிஸ் வசு," என்றாள் என்னிடம். (இந்த ஊரில் வயதில் மூத்த பெண்களை இப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வசுமதி என்று முழுப்பெயர் உண்டு என்பது தபால்காரருக்கு மட்டுமே தெரியும்.) "பாதத்தப் பாக்கணும். எந்தக் கால்ல பாரம் வச்சிருக்கா, குதிகால் தூக்கியிருக்கா இல்லையான்னு. அத வச்சு அவ எங்க கிளம்புவான்னு சொல்லிடலாம். மறு விசில் அடிக்கறதுக்குள்ள எனக்கு மொத்த ஆட்டமும் தெரிஞ்சுடும்."

மறு விசில் அடித்ததும் அவள் ஒரே ஒரு எட்டுதான் வைப்பாள். அது சரியான எட்டாக இருக்கும். தோழிகள் அவளுக்கு 'சிலை' என்று பெயர் வைத்தார்கள். "ஏய் சிலை, சாப்பிட வர்றியா, இல்ல யாராவது வந்து மாலை போடணுமா?"

4

நான்காம் வருஷம், கடைசி வருஷம், விதியை மாற்றினார்கள்.

இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இன்னும் நயமாகச் செய்திருப்பேன். ஆட்டம் வேகமாக வேண்டும், டிவியில் பார்க்கிறவர்களுக்கு அலுக்கிறது, இனி விசில் ஊதினாலும் யாரும் நிற்க வேண்டியதில்லை. தப்பாட்டத்துக்கு ஆளானவள் பந்தை வைத்துக்கொண்டு உடனே கிளம்பலாம். மற்றவர்களும் நகர்ந்துகொண்டே இருக்கலாம். அவ்வளவுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நல்ல மாற்றம் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொன்னார்கள். பிரினும் சொன்னாள், வேறு என்ன சொல்வாள்.

ஆனால் அவள் கால் கேட்கவில்லை. விசில் சத்தம் காதில் விழுந்ததும் கால் பூட்டிக்கொண்டது. மற்ற பெண்கள் அவளைத் தாண்டி ஆற்றுவெள்ளம் மாதிரி ஓட—

(ஆற்றுவெள்ளம் வேண்டாம். ஓடினார்கள், போதும்.)

—மற்ற பெண்கள் ஓடினார்கள், அவள் நின்றாள். பயிற்சியில் நின்றபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிப்ரவரியில் சொந்த மைதானத்தில் முதல் பெரிய ஆட்டம். விசில் ஊதியது. அவள் காவல் காக்க வேண்டிய பெண் அவள் பக்கத்திலிருந்தே கிளம்பிப் போய், ஒருவரும் தடுக்காமல், கோல் போட்டாள். பிரின் ஸ்டிக்கை நெஞ்சருகே பிடித்தபடி நிமிர்ந்து நின்றிருந்தாள். அந்தக் கோலில் ஆட்டம் தோற்றது. கூட்டத்தில் யாரோ ஒரு பையன், "அதுக்கு யாராவது சாவி கொடுங்கப்பா!" என்று கத்தினான். ஸ்டான் எழுந்து அவனைத் தேட, நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

காரில் திரும்பி வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார். "ஹன், இவளுக்கு இருக்கறது இந்த ஒரு வசந்தம்தான். இதுக்கப்புறம் பெண்களுக்கு இந்த ஆட்டத்துல என்ன இருக்கு சொல்லுங்க? ஒண்ணும் இல்ல. மே மாசத்தோட முடிஞ்சுது. இப்படி முடியக்கூடாது."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்.

5

ஜனவரி விடுமுறையில் விளையாட்டாக ஆரம்பித்த விசில் பிப்ரவரிக்குப் பிறகு வைத்தியமாகிவிட்டது.

எங்கே, எப்போது என்று சொல்லாமல் ஸ்டான் ஊதுவார். அவள் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஊதுவார். செருப்பு மாட்டும்போது, பல் தேய்க்கும்போது. மளிகைக் கடையில் ஊதி, காவலாளி வந்து விசாரித்துவிட்டுப் போனான். நின்றால் தோற்றாள், செய்கிற வேலையைத் தொடர்ந்து செய்தால் ஜெயித்தாள். வெள்ளி, சனி அவள் விடுதியிலிருந்து வீட்டுக்கு வருவதே இதற்காகத்தான் என்று ஆகிவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் என் நிலைமையைக் கேளுங்கள். விசில் கேட்டதும் நானும் நிற்க ஆரம்பித்துவிட்டேன். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள் நான்; ஒருநாள் தெருவில் யாரோ டாக்சிக்கு விசிலடிக்க, மாத்திரைக் குப்பியும் கையுமாக நான் நிற்க, வரிசையில் நின்ற கிழவர் "உடம்பு சரியில்லையா ஹன்?" என்று கேட்டார்.

இங்கே கதை எழுதுகிறவளுக்கு ஒரு சிக்கல். இந்தப் பகுதியை வேடிக்கையாக எழுதுவது சுலபம், அதுதான் மேலே நடந்திருக்கிறது. ஆனால் ஒரு சனிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது இது:

விசில்.

"நின்னுட்ட."

"தெரியும்."

விசில்.

"நின்னுட்ட."

"தெரியும்ப்பா! எனக்குக் காது கேக்குது! அத கொஞ்சம் கழட்டி வைக்கிறீங்களா, நான் பாத்ரூம் போகணும்!"

பிறகு பின்சுவரில் பந்து விழ ஆரம்பித்தது. அன்றைக்கு அடித்த அடியில் என் மஞ்சள் டப்பா கீழ்த்தட்டிலிருந்தே விழுந்தது.

6

ஹாலிஸ் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

ஹாலிஸ் முதல் வருஷப் பெண். மான்குட்டி. புது விதிக்கென்றே பிறந்தவள் மாதிரி, விசில் ஊதி முடிக்குமுன் கிளம்பியிருப்பாள். மார்ச் மாதம் பயிற்சியாளர் ஆல்ஸ்டன் பிரினை உட்காரவைத்துவிட்டு அவள் இடத்தில் ஹாலிஸை இறக்கினார். கதைக்கு ஒரு வில்லி வேண்டுமே என்று நான் ஹாலிஸுக்கு ஒரு வெள்ளைக் காரும், உதட்டோரச் சிரிப்பும், பணக்காரர்கள் வாழும் கனெக்டிகட்டில் நீச்சல் குளத்தோடு ஒரு வீடும் கொடுத்திருந்தேன். பிரினிடம் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். (தமிழில் எழுதுகிறேன், அவளுக்கு வாயால் மாற்றிச் சொல்வேன்.) அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவ அப்படி இல்ல மிஸ் வசு. அவளுக்கு என் இடத்தக் குடுத்த அன்னைக்கு பஸ்ல அழுதுட்டே வந்தா. நான்தான் சமாதானம் பண்ணேன். எரிச்சலா இருந்துச்சு, ஆனா என்ன பண்றது, நல்ல பொண்ணு."

"கொஞ்சமாவது கெட்டவளா இருக்கட்டுமே, கதைக்கு."

"கனெக்டிகட் மட்டும் நிஜம். அத வச்சுக்கோங்க."

சரி. காரையும் சிரிப்பையும் பிடுங்கிக்கொண்டேன். அந்த ஹாலிஸ் ஏப்ரலில் ஒரு ஞாயிறு டண்டாக் வந்தாள். ஸ்டான் மேஜைமேல் செய்தித்தாள் விரித்து, மசாலா தூவி வேகவைத்த நண்டுகளைக் குவித்தார். "நம்ம கடல் நண்டு இல்ல, லூயிசியானா. சீசன் வரலையே, என்ன பண்ண" என்று நண்டுகளுக்காக மன்னிப்புக் கேட்டார். ஹாலிஸ் முள்கரண்டி கேட்டாள்.

"முள்கரண்டியா?" என்றார் ஸ்டான். "எதுக்கு, பொண்ணு? அது ஏற்கெனவே செத்துடுச்சு."

அவளுக்கு நண்டு ஓடு உடைக்கும் மரச்சுத்தியலைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது பிரின். நானும் சுத்தியலோடு உட்கார்ந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பொறாமையின் நிழலாவது தெரியாதா என்று. ஹாலிஸ் கேட்டாள், "கேப்டன், விசில் அடிச்சதும் எனக்கு யார் எங்க இருக்கான்னே தெரியல. ஓடறேன், அப்புறம்தான் பாக்கறேன். நீ எப்படிப் பாப்ப?"

பிரின் நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "நான் நின்னு பாத்தேன். நீ ஓடிக்கிட்டே பாரு. முதல்ல என்னைத் தேடு. நான் எங்கயாவது நின்னுட்டுதானே இருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டான் சிரிக்கவில்லை.

7

மே மாதம். வட்டாரப் போட்டியின் இறுதி ஆட்டம். இங்கே என் கை பரபரக்கிறது, உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு தடவை எழுந்துபோய்ப் பால் காய்ச்சினேன், இரண்டு தடவையும் பொங்கிவிட்டது. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

ஆல்ஸ்டன் அவளைக் கூப்பிட்டு முந்தின நாளே சொல்லியிருந்தார். "கச்மரெக், நாளைக்கு ரெண்டாம் பாதில இறக்கறேன். கேப்டன்ங்கறதுக்காக இல்ல, எனக்கு நீ வேணும். ஆனா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சிலையானா, வெளிய வந்துடணும். என்னைத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன் கோச்."

இரண்டாம் பாதியில் இறங்கினாள். ஒவ்வொரு விசிலுக்கும் ஸ்டான் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினார். விசில், நகர்ந்தாள். விசில், நகர்ந்தாள். பழக்கம் விட்டிருந்தது! ஆனால் நகர்கிறாள், அவ்வளவுதான். பழைய பிரின் அங்கே இல்லை. எல்லோரோடும் சேர்ந்து ஓடுகிற, கொஞ்சம் மெதுவான ஒரு பெண். ஸ்டானுக்கு அது தெரியவில்லையா, தெரிந்தும் சந்தோஷப்பட்டாரா?

சமநிலை. முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. நடுவில் ஹாலிஸைத் தடுக்கப்போனவள் ஸ்டிக்கால் அவள் தோளில் அடித்துவிட்டாள். விசில். ஹாலிஸ் நிற்கவில்லை, பந்தோடு கிளம்பினாள். எல்லோரும் அவளோடு கோலை நோக்கி ஓடினார்கள். மைதானத்தின் கண் முழுக்க அவள்மேல், என் கண்ணும். திடீரென்று பக்கத்தில் ஸ்டான், "ஐயோ, நின்னுட்டா" என்றார்.

இடப்பக்கம், கோலுக்குக் கொஞ்சம் தள்ளி, பிரின் நின்றிருந்தாள். ஸ்டிக் கீழே தொங்கியது. அவளைக் காவல் காத்த இருவரும், அவளும் ஓடிவருகிறாள் என்ற நினைப்பில் அவளைத் தாண்டிப் போய்விட்டிருந்தார்கள். அவளைச் சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை.

ஹாலிஸ் தலையைத் திருப்பினாள். தேடினாள். எறிந்தாள். பிரினின் ஸ்டிக் எழுந்து பந்தை வாங்கியது; ஒரு எட்டு; தாழ்வாக, கோல்கீப்பரின் முழங்காலுக்குப் பக்கத்தில், உள்ளே.

ஸ்டான் அலறியதில் என் காது இரண்டு நாள் அடைத்திருந்தது. பெண்கள் எல்லோரும் போய் அவள்மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலின் அடியிலிருந்து அவள் கால் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது.

(அடுத்த வாரம் தேசியப் போட்டியில் பெரிய கல்லூரி ஒன்றிடம் நன்றாக உதை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அத்தோடு சரி. அதைக் கதையில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை, சேர்த்தாயிற்று.)

8

ஏன் நின்றாள்? கதை இங்கேதான் மாட்டிக்கொண்டது. மூன்று முடிவு எழுதினேன்.

அ) வேண்டுமென்றே நின்றாள். எல்லோரும் ஓடுகிற ஆட்டத்தில் நிற்பதே தந்திரம் என்று கண்டுபிடித்துவிட்டாள். விதி பறித்ததை விதியை வைத்தே திருப்பி எடுத்தாள். ஆல்ஸ்டன் உள்ளூர்ப் பத்திரிகைக்கு இதைத்தான் சொன்னார். "இத நாங்க பயிற்சி பண்ணியிருந்தோம்." பச்சைப் பொய். ஆனால் அருமையான முடிவு. அருமையாக இருப்பதாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆ) பழக்கம். மாதக்கணக்கில் ஊதிய விசில் எல்லாம் வீண். கடைசி நிமிஷத்தில் கால் பழையபடி பூட்டிக்கொண்டது. அதிர்ஷ்டம் மீதியைப் பார்த்துக்கொண்டது. இது கொஞ்சம் கசப்பாக இருக்கும். இலக்கியப் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும்.

இ) ஸ்டானின் முடிவு. இதை நான் எழுதவில்லை, அவர் தினமும் சொல்கிறார். பின்வாசலில், பேக்கரியில், துறைமுகத்தில். "எப்ப வேணும்னாலும் நிக்கலாம், எப்ப வேணும்னாலும் நகரலாம்ங்கற நிலைமைக்கு அவள நான் கொண்டுவந்தேன் ஹன். அதுக்குத்தான் அத்தனை விசில். அந்த நொடில அவ தேர்ந்தெடுத்தா. இதுதான் என் பொண்ணு!" சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அம்மா இல்லாமல் வளர்த்த பெண். கிரேன்மேல் பனியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வந்து பின்வாசலில் பந்து பொறுக்கிப் போட்ட சாயங்காலங்கள். அத்தனைக்கும் அந்த ஒரு நொடி பதில் சொல்லிவிட்டது அவருக்கு.

இன்னொன்றும் நடந்தது. ஆட்டம் முடிந்த கையோடு ஆல்ஸ்டன் பிரினைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் தனக்குத் துணைப் பயிற்சியாளராக இருக்கச் சொன்னார். கோடையில் தேசிய அணித் தேர்வுக்கும் அனுப்புகிறேன் என்றார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஸ்டான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பிரின் இன்னும் பதில் சொல்லவில்லை.

9

போன வியாழக்கிழமை மத்தியானம் பின்படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று முடிவுகளையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கையில் ஒரு ஸ்னோபால். துருவின பனிக்கட்டிமேல் மஞ்சள் பாகு, அதன்மேல் வெள்ளையாக ஏதோ. பல் கூசுகிறதே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றாள். ஸ்டான் வேலைக்குப் போயிருந்தார்.

"எது சரி?" என்றேன். "அ-வா, ஆ-வா? இ-யை விட்டுடு, அது உங்க அப்பா."

"எதுவும் இல்ல."

"நீ சொல்லாட்டா நான் எப்படி முடிக்கறது?"

"வேணும்னும் நிக்கல. பழக்கத்துலயும் நிக்கல மிஸ் வசு. விசில் கேட்டுச்சு, கால் தானா கிளம்பிடுச்சு. அப்பா ஜெயிச்சுட்டாரு, பழக்கமெல்லாம் போயே போச்சு. ரெண்டு எட்டு வச்சேன்." கரண்டியால் பனியைக் குத்தினாள். "அப்புறம், போதும்னு தோணுச்சு."

"களைப்பா?"

"மூச்சு வாங்கல. கால் வலிக்கல. போதும், அவ்வளவுதான். அஞ்சு வயசுலேர்ந்து ஓடிட்டே இருக்கேன். எல்லாரும் ஓடறாங்க, ஓடட்டும், நான் இங்க கொஞ்சம் நிக்கறேன்னு நின்னேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. சத்தமே கேக்கல."

"பந்து?"

"வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். ஹாலிஸ் திரும்பறா. பாக்காதடி, பாக்காதடின்னு மனசுக்குள்ள கத்தறேன். பாத்துட்டா. அனுப்பிட்டா." சிரித்தாள், ஆனால் கண்ணில் தண்ணீர். "கைக்கு வந்தா கை என்ன பண்ணும்? அடிச்சுடுச்சு."

அவளைக் கதையாக்கிக்கொண்டிருந்த எனக்கு மூன்று முடிவு தோன்றியது, இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஸ்னோபால் இடையில் இருந்தது.

"கோச்சுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"தெரியல. ஓடலேன்னா நான் யாருன்னு பாக்கணும்னு ஒரு பக்கம் இருக்கு. அப்பா பேக்கரில அந்தக் கதையச் சொல்றப்ப கண்ணாடி ஜன்னல் வழியா பாத்தேன். எட்டெல்லாம் வச்சுக் காட்டறாரு. இன்னொரு பக்கம் அது இருக்கு."

"அவர்கிட்ட சொல்லேன்."

"நீங்க சொல்வீங்களா?"

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"அப்ப இத எழுதாம விட்டுடறேன்," என்றேன். கொஞ்சம் பொய்தான்; உள்ளே ஏற்கெனவே வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அவள் பாகை உறிஞ்சி முடித்து, காகிதக் கோப்பையைக் கசக்கினாள்.

"இல்ல, எழுதுங்க. உங்க பாஷைல எழுதுங்க. இங்கிலீஷ்ல மட்டும் வேணாம். உங்க ஆளுங்க யாரும் டண்டாக்குக்கு வரமாட்டாங்கல்ல?"

"ஒருத்தர் ரெண்டு பேர் வரலாம்."

"வரட்டும். யாருக்காவது தெரிஞ்சிருக்கணும்."

10

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதவில்லை. அவள் பதில் சொல்லும் முன்பே இதை அச்சுக்கு அனுப்புகிறேன், வேண்டுமென்றேதான். போவாளா, மாட்டாளா என்று எனக்கு ஊகம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் எனக்குக் கொடுத்ததை உங்களிடம் கொடுத்துவிட்டேன், என் வேலை அவ்வளவுதான்.

ஆனால் உங்களுக்கு ஒரு வேலை வரலாம்.

என்றைக்காவது நீங்கள் பால்டிமோர் பக்கம் வந்து, சொந்தக்காரர் வீட்டுக்கு வழி தவறி, டண்டாக்கில் எங்கள் தெருமுனை பேக்கரிக்குள் நுழையக்கூடும். உங்கள் முகத்தைப் பார்த்ததும் கனத்த உடம்புள்ள ஒரு மனிதர், "மிஸ் வசுவோட ஊரா?" என்று கேட்டு எதிரில் உட்காருவார். அவருக்குப் பேச ஆள் வேண்டும். மேஜைமேல் அந்த ஆட்டத்தை நடத்திக் காட்டுவார்: உப்புக் குப்பி ஹாலிஸ், மிளகுக் குப்பி ஒரு காவல்காரி, சர்க்கரைப் பொட்டலங்கள் எதிரணி. எல்லாவற்றையும் கோல் பக்கம் தள்ளிவிட்டு, ஒரே ஒரு கோப்பையை மட்டும் இடப்பக்கம் தனியாக வைப்பார். கையை மெதுவாக எடுப்பார். பிறகு உங்களையே பார்ப்பார், ஐந்து வயதுப் பெண்ணுக்கு ஸ்டிக் கொடுத்த அன்றைக்கு இருந்த அதே முகத்தோடு.

"சொல்லுங்க பாப்போம், ஹன். ஏன் நின்னா?"